கிறிஸ்துமஸ் நாணயங்கள்: கொடையால் கூட்டம் சேருமா?

2013 டிசம்பர் 25. டோஜ்காயின் பிறந்து மூன்று வாரம்கூட ஆகியிருக்கவில்லை. பில்லி மார்க்கஸ், ஜாக்சன் பால்மர் என்ற இருவர் ஷிபா இனு நாயின் முகத்தை முத்திரையாகப் போட்டு விளையாட்டாகத் தொடங்கிய நாணயம் அது. அந்த நாணயங்களை இணையத்தில் சேமித்துவைக்க டோஜ்வாலட் என்று ஒரு சேவை இருந்தது. பண்டிகை நாளன்று அதற்குள் ஒரு திருடன் புகுந்து, பணம் அனுப்பும் பக்கத்தின் நிரலை மாற்றிவிட்டான். யார் யாருக்கு அனுப்பினாலும் காசு அவன் முகவரிக்கே போய்ச் சேர்ந்தது. இரண்டு கோடிக்கும் மேற்பட்ட டோஜ்காயின்கள் போயின. அன்றைய விலைக்கு அது சுமார் 12,000 டாலர். பெரிய கொள்ளை என்று சொல்ல முடியாது. ஆனால் பறிகொடுத்தவர்களில் பலர் முதல் முறையாக மின்நாணயத்தைத் தொட்டவர்கள், ஐந்து டாலரும் பத்து டாலரும் வைத்திருந்தவர்கள்.

அடுத்து நடந்ததற்காகத்தான் இந்தக் கதையிலிருந்து தொடங்குகிறேன். ரெடிட் தளத்தில் கூடியிருந்த டோஜ்காயின்காரர்கள், கிறிஸ்துமஸைத் தங்கள் நாயின் பெயரோடு சேர்த்து ‘டோஜ்மஸைக் காப்போம்’ என்று ஒரு நிதி திரட்டினார்கள். இழக்காதவர்கள் தங்கள் கையிலிருந்ததை எடுத்து இழந்தவர்களுக்குக் கொடுத்தார்கள். ஒரு மாதத்துக்குள், களவுபோன அத்தனைக்கும் ஈடாகும் அளவுக்கு நாணயங்கள் சேர்ந்துவிட்டன. எந்த நிறுவனமும் அறிவிக்காத, எவரும் விளம்பரப்படுத்தாத பண்டிகைக் கொடை அது.

இன்று ஒவ்வொரு டிசம்பரிலும், சீனப் புத்தாண்டிலும், ஹாலோவீனிலும், தீபாவளியிலும் டோஜ்காயின் போல இணையக் கேலிப்படத்தை முத்திரையாக்கிய மீம் நாணயங்களை வெளியிடுகிறவர்கள் ‘கிவ்அவே’ என்ற இலவச விநியோகத்தை அறிவிக்கிறார்கள். பின்தொடருங்கள், பகிருங்கள், மூன்று நண்பர்களைச் சேருங்கள், வாலட் (மின்நாணயப் பை) முகவரியை ஒட்டுங்கள், வெற்றிபெறும் ஆயிரம் பேருக்கு டோக்கன் (நாணயம்) இலவசம். நோக்கத்தையும் மறைப்பதில்லை: கம்யூனிட்டியை வளர்க்கிறோம் என்கிறார்கள். இலவசமாக நாணயம் கொடுத்தால் சமூகம் உருவாகுமா என்ற கேள்விக்குச் சென்ற பதினைந்து ஆண்டுகளில் போதுமான அனுபவம் சேர்ந்திருக்கிறது. அதை ஒருமுறை கூட்டிப் பார்க்கலாம்.

இலவச விநியோகம் மீம் நாணயத்துக்கு முன்பே பிட்காயினில் தொடங்கியது. 2010இல் கேவின் ஆண்ட்ரிசன் என்ற நிரலாளர் ‘பிட்காயின் குழாய்’ என்று ஒரு சிறு தளம் திறந்தார். வருகிறவர் தான் மனிதன்தான் என்று நிரூபிக்க ஒரு எழுத்துப் புதிரை விடுவித்தால் 5 பிட்காயின் கிடைக்கும். அன்று அதன் விலை காசு பெறாது. அவருடைய நோக்கம் எளிமையானது: ஒரு பொருளைக் கையில் வாங்கிப் பார்க்காதவனுக்கு அது என்னவென்று புரியாது. பாத்திரக் கடையில் புதுச் சமையல் பொருளைக் காட்டிச் சமைத்து ருசிக்கக் கொடுப்பது போன்றது அது. கைம்மாறாக அவர் எதையும் கேட்கவில்லை.

டோஜ்காயினின் முதல் ஆண்டு இந்த வழியில்தான் போனது, ஒரு படி மேலேயும் போனது. அதன் ‘டிப்’ வழக்கம் முக்கியமானது. ரெடிட்டில் யாராவது நல்ல பதில் எழுதினால், உதவினால், சிரிக்கவைத்தால், ஒரு தானியங்கி பாட் மூலம் சில டோஜ்காயினை அவருக்கு அனுப்பலாம். சில்லறைதான். ஆனால் கொடுத்தவர் பெயரும் வாங்கியவர் பெயரும் எதற்காகக் கொடுத்தார் என்பதும் எல்லோர் கண்ணிலும் படும். நம் ஊர் மொய் நோட்டை நினைத்துக்கொண்டால் இதன் சூட்சுமம் பிடிபடும். மொய்யில் பணம் இரண்டாம்பட்சம். யார் வந்தார், யார் செய்தார், நாம் யாருக்குச் செய்யக் கடமைப்பட்டிருக்கிறோம் என்ற கணக்குதான் உறவைக் கட்டிவைக்கிறது. கொடை என்பது கொடுப்பது, ஏற்பது, திருப்பிச் செய்வது ஆகிய மூன்றும் சேர்ந்தது என்று பிரெஞ்சு மானுடவியலாளர் மார்செல் மோஸ் 1925இல் எழுதினார். டோஜ்காயின்காரர்கள் அதைப் படித்திருக்க வேண்டிய அவசியமில்லை. அவர்கள் செய்தது அதுதான்.

2014 ஜனவரியில் ஜமைக்காவின் பனிச்சறுக்கு வண்டி அணி சோச்சி குளிர்கால ஒலிம்பிக்குக்குத் தகுதிபெற்றும் போகப் பணமில்லாமல் நின்றபோது, இந்தக் கூட்டம் இரண்டே நாளில் 30,000 டாலர் அளவுக்குத் திரட்டியது. அடுத்து கென்யாவின் தானா ஆற்றுப் பகுதியில் கிணறு வெட்ட நிதி. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்துக்குள் அதுவும் 30,000 டாலரைத் தொட்டது. அதே ஆண்டு ஜோஷ் வைஸ் என்ற கார் பந்தய வீரருக்கு விளம்பர ஆதரவாக சுமார் 55,000 டாலர் மதிப்புள்ள நாணயம் சேர்ந்தது, நாயின் படம் ஒட்டிய அவருடைய வண்டி டலடேகா பந்தயத்தில் ஓடியது. இவை எல்லாம் நாணயத்தின் பெயரைப் பரப்பின என்பதையும் சொல்லியாக வேண்டும். ஜமைக்கா நிதி திரண்ட நாட்களில் பிட்காயினுக்கு எதிரான டோஜ்காயின் விலை ஏறத்தாழ பாதி மடங்கு கூடியது. கொடுத்தவர்களுக்கு லாபமும் கிடைத்தது. ஆனால் கொடை வெளிநோக்கிப் போனது. வாங்கியவர்கள் டோஜ்காயின்காரர்களே அல்ல.

இதையும் பொற்காலமாக்கிவிடக் கூடாது. அந்த டிப் பாட் 2017 மே மாதம் நின்றது. நடத்தியவர் திவாலாகியிருந்தார், பயனர்கள் நம்பிவைத்திருந்த நாணயங்களையும் செலவழித்துவிட்டதாக அவரே ஒப்புக்கொண்டார். பால்மர் அதற்கு முன்பே, 2015இல், விலகிப் போயிருந்தார். அன்பால் கட்டிய கூட்டத்துக்கும் கணக்குப்பிள்ளை தேவைப்படுகிறார். அந்த இடம் காலியாக இருந்தது.

எல்லோருக்கும் ஒரேயடியாக அள்ளிக் கொடுக்கும் முறையை முதலில் பெரிதாகச் செய்துபார்த்தது ஐஸ்லாந்தில். புனைபெயரில் இயங்கிய ஒருவர் அரோராகாயின் என்ற நாணயத்தை உருவாக்கி, மொத்தத்தில் பாதியை நாட்டு மக்கள் அனைவருக்கும் ஒதுக்கினார். 2014 மார்ச் 25இலிருந்து ஒவ்வொரு ஐஸ்லாந்தியரும் தன் தேசிய அடையாள எண்ணைக் காட்டி 31.8 நாணயம் எடுத்துக்கொள்ளலாம். விநியோகத்துக்கு முந்தைய வாரங்களில் காகிதத்தில் அதன் மதிப்பு வானைத் தொட்டது. கொடுக்கத் தொடங்கியதும் வாங்கியவர்கள் விற்றார்கள், விலை நொறுங்கியது. இங்கே போலி ஆளுக்கு இடமே இல்லை. ஒருவருக்கு ஒரு பங்கு, அரசு எண்ணோடு. அப்படியிருந்தும் ஏன் நிலைக்கவில்லை? அந்த நாணயத்தை வைத்துக்கொண்டு ஐஸ்லாந்தில் செய்வதற்கு ஒன்றும் இல்லை. வாங்கிய நொடியிலிருந்து செய்யக்கூடிய ஒரே வேலை அதை விற்பது.

அடுத்து ஸ்டெல்லர் என்ற மின்நாணயம். அது மீம் நாணயமல்ல. ஆனால் இலவச விநியோகத்தை அதைப் போல் பணம் கொட்டிப் பரிசோதித்தவர்கள் குறைவு. 2018இல் ஒரு பெரிய வாலட் சேவையின் பயனர்களுக்கு 12.5 கோடி டாலர் மதிப்புள்ள நாணயம் தருவதாக அறிவித்தது. 2019 செப்டம்பரில் கீபேஸ் என்ற செயலியின் வழியாக 200 கோடி நாணயங்களை 20 மாதத்தில் படிப்படியாகக் கொடுக்கத் திட்டமிட்டது. இலவசம் என்ற செய்தி பரவியதும் போலிக் கணக்குகள் வெள்ளமாகப் புகுந்தன. டிசம்பரிலேயே திட்டத்தை மூடினார்கள். இடையில், நவம்பரில், ஸ்டெல்லர் அறக்கட்டளை தன்னிடமிருந்த 5,500 கோடி நாணயங்களை எரித்துவிட்டது. கொடுத்துக்கொண்டே போவதால் பயன் குறைந்துகொண்டே போகிறது என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். கொடுக்க வைத்திருந்ததைக் கொடுக்காமல் அழிப்பதே மேல் என்று ஒரு பெரிய அமைப்பு முடிவெடுத்த நிகழ்வு இது. இன்று கிவ்அவே நடத்துகிறவர்களில் எத்தனை பேர் இதை எடுத்துப் பார்த்திருப்பார்கள்!

போலிக் கணக்குப் பிரச்சினைக்குக் கணினித் துறையில் ‘சிபில் தாக்குதல்’ என்று பெயர். ஒரே ஆள் நூறு முகமூடி போட்டு வரிசையில் நிற்பது. 2002இல் ஜான் டூசர் எழுதிய ஆய்வுக் கட்டுரை, அடையாளங்களை உறுதிசெய்ய மையமான ஓர் அமைப்பு இல்லாத இடத்தில் இதை முழுமையாகத் தடுக்க முடியாது என்று காட்டியது. ‘ஓசியில் கிடைத்தால் எனக்கொன்று, என் அப்பனுக்கொன்று’ என்ற நம் ஊர்ப் பழமொழியும் இதையேதான் சொல்கிறது. 2024இல் டெலிகிராமில் ஓடிய ஹாம்ஸ்டர் கொம்பாட் விளையாட்டில் 30 கோடிப் பேர் சேர்ந்ததாக நடத்தியவர்கள் சொன்னார்கள். செப்டம்பர் 26 அன்று டோக்கன் கொடுத்தபோது தகுதிபெற்றதாக அறிவிக்கப்பட்டவை 13.1 கோடிக் கணக்குகள். மாதக்கணக்கில் திரையைத் தட்டியவர்களில் பெரும்பாலோருக்குச் சில டாலர்கூடத் தேறவில்லை. ஏமாற்றம் கோபமானது, கோபம் வெளியேற்றமானது.

இந்தத் தோல்விகளுக்கு நடுவே ஒரு பண்டிகைக் கொடை மட்டும் வென்றது. அதைக் கூர்ந்து பார்க்க வேண்டும், ஏனென்றால் பின்னால் வந்தவர்கள் எல்லோரும் அதைக் காட்டித்தான் பேசுகிறார்கள்.

2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் நாணயச் சந்தை கவிழ்ந்தது. அதன் நிறுவனர் சோலானா என்ற பிளாக்செயினின் (நாணயப் பரிமாற்றங்களைப் பதியும் பொதுப் பதிவேடு) பெரிய ஆதரவாளர்களில் ஒருவர் என்பதால் அடி சோலானாவின் தலையில் விழுந்தது. முந்தைய ஆண்டு 250 டாலரைத் தாண்டியிருந்த சோலானா நாணயம், 2022 டிசம்பர் கடைசியில் 10 டாலருக்கும் கீழே போனது. அதில் வேலை செய்துகொண்டிருந்த நிரலாளர்களும் ஓவியர்களும் போவதா இருப்பதா என்று தவித்த நாட்கள் அவை. அந்த டிசம்பர் 25 அன்று போங்க் என்ற நாய் நாணயம் வந்தது. மொத்தம் 100 லட்சம் கோடி டோக்கன். அதில் பாதியைச் சோலானாவில் ஏற்கெனவே இருந்தவர்களுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள்: என்எஃப்டி எனப்படும் மின்கலைப் படைப்புகளை வைத்திருந்தவர்கள், அவற்றை வரைந்த கலைஞர்கள், நிரல் எழுதியவர்கள், அந்தச் சந்தையில் வணிகம் செய்தவர்கள். யாரும் பதிவுசெய்ய வேண்டாம், பகிர வேண்டாம், நண்பரை இழுத்துவர வேண்டாம். காலையில் வாலட்டைத் திறந்தால் இருந்தது.

அடுத்த சில நாட்களில் போங்க் பல மடங்கு ஏறியது, பிறகு பெருமளவு இறங்கியது. அது மீம் நாணயங்களின் வழக்கமான ஆட்டம். ஆனால் வாங்கியவர்கள் அதை வைத்து ஏதோ செய்யத் தொடங்கினார்கள். சந்தை நடத்துகிறவர்கள் அதைச் சேர்த்தார்கள், என்எஃப்டி விற்றவர்கள் அதில் விலை போட்டார்கள், விளையாட்டு எழுதியவர்கள் அதைப் பரிசாக வைத்தார்கள். சோலானாவும் மெல்ல எழுந்தது. அந்த எழுச்சிக்குப் போங்க் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். துவண்டிருந்த கூட்டத்துக்கு அது ஒரு மூச்சைக் கொடுத்தது என்பதை மறுக்கவும் மாட்டேன்.

போங்க் வெற்றியின் காரணத்தை ‘கிறிஸ்துமஸ்’ என்றும் ‘இலவசம்’ என்றும் படித்துக்கொண்டவர்கள் பாதியைத்தான் படித்தார்கள் என்பது என் முடிவு. கூட்டம் அங்கே முன்பே இருந்தது. ஒன்றாக அடிபட்டிருந்தது. அவர்களிடம் வேலை இருந்தது, கருவி இருந்தது, கோபமும் இருந்தது. கொடை அவர்களை ஒருவருக்கொருவர் அடையாளம் காட்டியது. இல்லாத கூட்டத்தை அது உண்டாக்கவில்லை.

ஓர் ஆண்டு கழித்து இதே போங்க் இன்னொரு பாடம் நடத்தியது. சோலானாக்காரர்கள் 2023இல் சாகா என்று ஒரு கைப்பேசி வெளியிட்டார்கள். 1,000 டாலர் விலை வைத்து, விற்காமல் 599 டாலருக்கு இறக்கியும் அது தூங்கியது. டிசம்பரில் போங்க் விலை எகிறியது. ஒவ்வொரு சாகா கைப்பேசிக்கும் 3 கோடி போங்க் இலவசம் என்று முன்பே அறிவித்திருந்தது யாரோ ஒருவர் கண்ணில் பட்டது. கணக்குப் போட்டால் இலவச டோக்கனின் மதிப்பு கைப்பேசியின் விலையைத் தாண்டியிருந்தது! சில நாட்களில் கிடங்கு காலி. பழைய பொருள் விற்கும் தளங்களில் அதே கைப்பேசி பல மடங்கு விலைக்குப் போனது. 2024 ஜனவரியில் அடுத்த மாடலை அறிவித்தவுடன் முன்பதிவு சில வாரங்களில் ஒரு லட்சத்தைத் தொட்டது. பதிவுசெய்தவர்களில் பேசுவதற்காகவும் படமெடுப்பதற்காகவும் அந்தக் கைப்பேசியை வாங்கியவர்கள் எத்தனை பேர் இருக்க முடியும்? சமூகம் வளர்ந்தது என்று இதையும் எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்கிறார்கள்.

ஏன் பண்டிகை? மின்நாணயச் சந்தைக்கு விடுமுறை கிடையாது. பங்குச்சந்தை மூடியிருக்கும் கிறிஸ்துமஸ் அன்றும் அது ஓடும். மேற்கு நாடுகளில் ஆட்கள் வீட்டில், கையில் கைப்பேசியோடு, நேரமும் கொஞ்சம் போனஸ் பணமுமாக இருக்கிறார்கள். பெரிய வணிகர்கள் ஒதுங்கியிருப்பதால் சந்தை மெலிந்திருக்கும். சிறு தொகை வந்தாலே விலை துள்ளும். கொடுப்பது இயல்பாகத் தெரியும் நாள் என்பதால் வாங்குகிறவரின் சந்தேகம் தளர்ந்திருக்கும். எல்லாவற்றையும்விட, தேதி ஒன்று கிடைக்கிறது. ‘இன்னும் மூன்று நாள்தான்’ என்று சொல்ல ஒரு காரணம் கிடைக்கிறது. பண்டிகை இல்லாவிட்டால் உண்டாக்கிக்கொள்வதும் உண்டு. 2021 ஏப்ரல் 20ஐ ‘டோஜ் தினம்’ என்று அறிவித்து எல்லோரும் சேர்ந்து விலையை ஏற்றுவோம் என்றார்கள். அன்று விலை சரிந்தது. தேதியை முன்கூட்டியே சொல்லிவிட்டால், அந்தத் தேதிக்காகக் காத்திருந்து விற்பவனுக்கும் அது தெரிந்துவிடுகிறது.

என் அக்கா மகன் கோவையில் பொறியியல் படிக்கிறான். ஒரு டிசம்பரில் வீட்டுக்கு வந்தவன் இரவெல்லாம் கைப்பேசியோடு உட்கார்ந்திருந்தான். என்னவென்று கேட்டால், “டாஸ்க் மாமா” என்று திரையைக் காட்டினான். கிறிஸ்துமஸ் வரை 24 கட்டங்கள், நாளுக்கு ஒன்று திறக்கும். ஒரு நாள் எக்ஸ் பதிவைப் பகிர வேண்டும். மறுநாள் முகப்புப் படத்தில் நாணயத்தின் சின்னத்துக்குச் சாண்டா தொப்பி வைக்க வேண்டும். டெலிகிராம் குரூப்பில் தினமும் காலை வணக்கம் போட வேண்டும். ஒரு நாள் தவறினால் சேர்ந்த புள்ளி பாதியாகும். தன் குறியீட்டின் வழியாக நண்பரைச் சேர்த்தால் இரட்டிப்பு. அக்காவின் கைப்பேசியிலும் தங்கையின் கைப்பேசியிலும் ஒவ்வொரு கணக்கு திறந்துவைத்திருந்தான். 25ஆம் தேதி காலை மூன்று கணக்கிலும் சேர்த்து வந்த டோக்கனின் மதிப்பு 70 ரூபாய்ச் சொச்சம். எடுப்பதற்கு எத்தீரியம் என்ற பிளாக்செயினில் கட்ட வேண்டிய கட்டணம் அதைவிட அதிகம். குரூப்பில் அப்போது நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். பொங்கலுக்கு அவன் திரும்ப வந்தபோது திறந்து பார்த்தோம். உறுப்பினர் எண்ணிக்கை அப்படியே இருந்தது. கடைசிச் செய்தி ஜனவரி முதல் வாரத்தோடு நின்றுபோயிருந்தது. “காசு போகட்டும் மாமா, காலேஜ்ல பதினோரு பேரச் சேத்துவிட்டேன்” என்றான். அந்தப் பதினோரு பேரிடம் அவன் இழந்ததுதான் அவனை வாட்டியது.

அவன் செய்தது உழைப்பு. 24 நாள், நாளுக்கு அரை மணி என்றாலும் 12 மணி நேரம். அவன் கொடுத்தது பெயர், தொடர்பு, நண்பர்களின் நம்பிக்கை. இதை இலவசம் என்று அழைப்பது தவறு என்பதை அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்காணையம் 1999 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. அப்போது சில இணைய நிறுவனங்கள், தளத்தில் பதிவுசெய்தால் பங்கு இலவசம், ஆளைச் சேர்த்துவிட்டால் மேலும் பங்கு என்று விநியோகித்தன. ஆணையம் நான்கு வழக்குகள் தொடுத்தது. காசு வாங்காவிட்டாலும், வருகையாளர் கூட்டமும் அவர்களின் விவரங்களும் நிறுவனத்துக்குக் கிடைத்த விலைதான், ஆகவே இது விற்பனையே என்பது அதன் வாதம். பிட்காயின் வருவதற்குச் சுமார் பத்தாண்டு முன்பு எழுதிய அந்த வாதம் இன்றைய கிவ்அவேக்கு அச்சாகப் பொருந்துகிறது. ஆனால் அதே ஆணையத்தின் அலுவலர்கள் 2025 பிப்ரவரியில், மீம் நாணயங்கள் பொதுவாகப் பங்குப் பத்திரங்களாகா என்று அறிக்கை வெளியிட்டார்கள். மோசடி நடந்தால் வேறு சட்டம் இருக்கிறது என்பது உண்மைதான். பதிவு, விவர வெளியீடு என்ற முன்காப்பு போய்விட்டது. பிரிட்டன் எதிர்த்திசையில் போனது. 2023 அக்டோபர் 8 முதல் அங்கே மின்நாணய விளம்பரங்களில் புதியவருக்குப் போனஸ், நண்பரைச் சேர்த்தால் பரிசு போன்ற தூண்டல்களுக்குத் தடை. ஆளைக் கொண்டு ஆளை இழுப்பதே ஆபத்தின் வேர் என்று கண்டுகொண்ட விதி இது, நான் அதன் பக்கம்தான்.

இந்தியாவில் இத்தகைய தடை இல்லை. 2022 ஏப்ரல் முதல் விளம்பரங்களில் எச்சரிக்கை வாசகம் போட வேண்டும் என்று விளம்பரத் தர மன்றம் விதித்தது. டெலிகிராம் குரூப்பில் அதை யார் பார்க்கிறார்கள்? வரி மட்டும் தெளிவாக இருக்கிறது. மின்நாணய லாபத்துக்கு 30 விழுக்காடு, ஒன்றின் நட்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது, 2022 ஜூலையிலிருந்து விற்பனையில் 1 விழுக்காடு பிடித்தம். உறவினரல்லாதவரிடமிருந்து ஆண்டுக்கு 50,000 ரூபாய்க்கு மேல் பரிசாக வந்தால் அதற்கும் வரி.

திருட்டைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை, முறை ஒன்றுதான். கிவ்அவே என்ற பழக்கம் ஊரெங்கும் பரவியபின், கிவ்அவே வேடம் போடுவது எளிது. 2020 ஜூலை 15 அன்று ஒபாமா, பைடன், பில் கேட்ஸ், எலான் மஸ்க் முதலியோரின் ட்விட்டர் கணக்குகளைக் கைப்பற்றியவர்கள், அனுப்பினால் இரட்டிப்பாகத் திருப்பித் தருவேன் என்று எழுதி ஒரு லட்சம் டாலருக்கும் மேல் அள்ளினார்கள். இப்போது காசு அனுப்பவே வேண்டாம். பரிசைப் பெற வாலட்டை இணையுங்கள் என்ற பொத்தானுக்குப் பின்னால், உங்கள் சொத்தை எடுத்துக்கொள்ள அனுமதி கொடுக்கும் கையொப்பம் இருக்கிறது. இப்படி வாலட்டை உறிஞ்சும் மோசடிகளில் 2023இல் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஏறத்தாழ 29.5 கோடி டாலர் இழந்ததாகப் பாதுகாப்பு நிறுவனமான ஸ்கேம் ஸ்னிஃபர் கணக்கிட்டது. நேர்மையாகக் கிவ்அவே நடத்துகிறவர்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. முன்பின் தெரியாத தளத்தில் வாலட்டை இணைப்பது சாதாரணம் என்று மக்களைப் பழக்கியவர்கள் அவர்கள்தான்.

இனி, மோசடியே இல்லாத, சொன்னபடி கொடுக்கும் கிவ்அவேயின் உள்கணக்கு. புரிவதற்காக எண்களை நானே வைத்துக்கொள்கிறேன். 100 கோடி டோக்கன் அச்சடிக்கிறார்கள். அதில் 10 கோடியையும் 10 லட்ச ரூபாயையும் ஒரு தொட்டியில் போடுகிறார்கள். வாங்குவதும் விற்பதும் அந்தத் தொட்டியோடுதான். தொட்டியிலுள்ள டோக்கனையும் பணத்தையும் பெருக்கினால் வரும் எண் மாறக்கூடாது என்பது விதி. ஒரு டோக்கன் ஒரு பைசா, ஆக மொத்த மதிப்பு ஒரு கோடி ரூபாய் என்று திரையில் தெரியும். தொட்டியில் உண்மையில் இருப்பது 10 லட்சம்தான். கிறிஸ்துமஸுக்கு 20,000 பேருக்கு ஆளுக்கு 10,000 டோக்கன் கொடுக்கிறார்கள். ஆளுக்கு 100 ரூபாய், மொத்தம் 20 லட்சம் கொடை என்று அறிவிப்பு. எல்லோரும் விற்றால் என்ன ஆகும்? முதலில் ஓடியவருக்கு 100 ரூபாய் கிடைக்கும். வரிசையின் நடுவில் நிற்பவருக்கு 25. கடைசி ஆளுக்கு 11. மொத்தமாக வெளியே வருவது 6 லட்சத்து 67 ஆயிரம். 20 லட்சம் என்பது எந்த நேரத்திலும் எங்கும் இருந்ததே இல்லை.

இதனால்தான் குரூப்பில் ‘விற்காதே’ என்ற சொல் வேதவாக்காகிறது. கையில் வந்த பொருளுக்கு நாம் கூடுதல் மதிப்பு கொடுப்போம் என்பதும் அதற்குத் துணை. கானமன், நெட்ச், தேலர் மூவரும் 1990இல் வெளியிட்ட சோதனையில், காபிக் கோப்பை இலவசமாகக் கிடைத்த மாணவர்கள் அதை விற்க சுமார் 7 டாலர் கேட்டார்கள். கிடைக்காதவர்கள் 3 டாலர்கூடத் தர முன்வரவில்லை. இலவச டோக்கன் பெற்றவர் அதைப் பிடித்துக்கொள்கிறார், இன்னும் கொஞ்சம் வாங்கவும் செய்கிறார். அவர்கள் எல்லோருமாகச் சேர்ந்து 10 லட்ச ரூபாய்க்கு வாங்கினால், தொட்டியில் பணம் 20 லட்சமாகிறது, விலை நான்கு மடங்காகிறது. கொண்டாட்டம். அப்போது, மீதி 70 கோடி டோக்கனைக் கையில் வைத்திருக்கும் நிறுவனர் அதிலிருந்து 10 கோடியை மட்டும் விற்கிறார். அவருக்கு 13 லட்சத்து 33 ஆயிரம் கிடைக்கிறது. தொட்டியில் மிஞ்சும் 6 லட்சத்து 67 ஆயிரமும் அவர் போட்ட தொட்டியினுடையது. 10 லட்சம் வைத்தவரிடம் இப்போது 20 லட்சம். உறுப்பினர்கள் போட்ட 10 லட்சம் முழுக்க இடம் மாறிவிட்டது. அவர் யாரையும் ஏமாற்றவில்லை, சொன்னதைக் கொடுத்தார், எல்லாம் பிளாக்செயினில் பதிவாகியிருக்கிறது. சின்ன மீனைப் போட்டுப் பெரிய மீனைப் பிடிப்பது என்பார்களே, இங்கே சின்ன மீனும் அச்சடித்தது.

2024 ஜனவரியில் பம்ப்.ஃபன் என்ற தளம் வந்தபின் சில நிமிடங்களில், அற்பச் செலவில், எவரும் நாணயம் வெளியிடலாம் என்றாகிவிட்டது. லட்சக்கணக்கில் முளைக்கும் நாணயங்களுக்கு நடுவே தன் நாணயத்தைக் காட்ட ஒரே வழி கிவ்அவே என்று ஆகும்போது, இந்தக் கணக்கு ஒவ்வொரு பண்டிகைக்கும் பல்லாயிரம் தடவை திரும்ப நடக்கிறது. ஆகவே ஒரு கிவ்அவேயைப் பார்த்தால் நான் தேடுவது பரிசுத் தொகையை அல்ல. கொடுத்தபின் கொடுத்தவர் கையில் மிச்சம் எவ்வளவு, வாங்கியவர் அதை வைத்து விற்பதைத் தவிர வேறென்ன செய்ய முடியும், அவர் இன்னொருவருக்குக் கொடுக்கிறாரா. டோஜ்மஸில் கடைசிக் கேள்விக்கு விடை இருந்தது. போங்கில் இரண்டாவதற்கு இருந்தது. என் அக்கா மகனின் குரூப்பில் மூன்றுக்கும் இல்லை.

காகித மதிப்புக்கும் கையில் வரும் பணத்துக்கும் உள்ள தூரத்தை இந்தியா ஒருமுறை நேரில் பார்த்தது. 2020 ஆகஸ்டில் ஷிபா இனு நாணயத்தைத் தொடங்கிய பெயர் தெரியாத நிறுவனர், மொத்தத்தில் பாதியை எத்தீரியத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான விட்டாலிக் புட்டரினுக்கு, கேட்காமலேயே அனுப்பிவைத்தார். அவர் தொட மாட்டார் என்பது எதிர்பார்ப்பு. அவர் பெயர் விளம்பரமாயிற்று. 2021 மே மாதம், கோவிட் இரண்டாம் அலையில் ஆக்சிஜனுக்காக இங்கே மக்கள் தெருவில் அலைந்துகொண்டிருந்தபோது, புட்டரின் அதிலிருந்து 50 லட்சம் கோடி ஷிபா நாணயங்களை, சந்தீப் நயில்வால் என்பவர் தொடங்கியிருந்த இந்திய கோவிட் நிவாரண நிதிக்குக் கொடுத்தார். திரையில் அதன் மதிப்பு 100 கோடி டாலர். செய்தி வந்ததும் விலை விழுந்தது. நிதியை நடத்தியவர்கள் சந்தை உடையாமல் நாள்கணக்கில் சிறுகச் சிறுக விற்றும், கையில் வந்தது அதில் பாதிக்கும் குறைவு. மிச்சமிருந்ததில் பெரும்பகுதியைப் புட்டரின் எரித்துவிட்டார், இத்தனை அதிகாரம் தனக்கு வேண்டாம் என்று. வந்த பணத்தில் 1.5 கோடி டாலர் யுனிசெஃப் வழியாகத் தடுப்பூசி போடும் ஊசிகள் வாங்கப் போனது. 16 கோடி ஊசிகள்.